பத்தொன்பது டிகிரி

மாடியில ஹீட்டர் வெச்சுக்கலாமான்னு கேட்டீங்க பாருங்க டீச்சர், வேற வீடா இருந்தா ‘வெச்சுக்கோங்க’ன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டு சாவியைக் கையில குடுத்துடுவாங்க. இந்த வீட்ல அந்தக் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது. உக்காருங்க. நீங்க வாடகைக்குக் கேட்ட ரூம் எங்கயும் ஓடிடாது. அண்ணன் வாக்கிங் போயிருக்கார், திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள சொல்லிடறேன். அவர் வந்துட்டா அவர் பங்குக்கு இதே கதையைச் சொல்லுவார், அதுல தப்பெல்லாம் என் தலையில இருக்கும்.

இப்ப டிக்னு ஒரு சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தீங்க இல்ல? பல்லி இல்ல. அந்தச் சுவத்துல சாம்பல் கலர்ல ஒரு டப்பா மாட்டியிருக்கு பாருங்க, அதுதான். நான் செஞ்சது. ரூம் குளிர்ந்தா தானா ஹீட்டரைப் போடும், சூடாயிட்டா தானா அணைக்கும். தெர்மோஸ்டாட்னு பேரு. கடையிலயும் விக்கிறாங்கதான். கடையில வாங்கி மாட்டறதுக்கா நான் இருபத்திநாலு வருஷம் சால்டரிங், டெஸ்டிங்னு ஓட்டினேன்?

கோயமுத்தூர்ல ஸ்டெபிலைசர் செய்யற ஒரு கம்பெனி. பெரிய கம்பெனியெல்லாம் இல்ல, நாப்பது பேர் இருப்போம். முதல் பத்து வருஷம் சால்டரிங் வரிசை, அப்புறம் டெஸ்டிங் பெஞ்ச். ‘சுகிர்தா பாஸ் போட்டா அந்த பீஸ் திரும்பி வராது’ன்னு முதலாளியே சொல்லுவார். ரெண்டு மூணு வந்திருக்கு. அது லாரியில போகும்போது அடிபட்டது. கல்யாணம் பண்ணிக்கல. கேக்கறவங்களுக்காக ஒரு காரணம் வெச்சிருந்தேன், இப்ப அதுவும் மறந்துபோச்சு.

மதினி தவறின வருஷம் இங்க கோத்தகிரிக்கு வந்தேன். ரெண்டு மாசம் கூட இருந்து அண்ணனுக்குச் சமையல் பழக்கிட்டுப் போயிடலாம்னுதான் வந்தது. நாலு வருஷம் ஆச்சு. இன்னும் அவருக்கு ரசம் வெக்கத் தெரியாது.

அண்ணனைப் பத்தி ஒண்ணு தெரிஞ்சுக்கணும் நீங்க. கிருபாகரன்னா இந்தப் பக்கத்துல தேயிலைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் டீ ஃபேக்டரியில டீ மேக்கர். டீ மேக்கர்னா டீ போட்டுக் குடுக்கறவர் இல்ல. இலையை வாட வெக்கறது, அரைக்கறது, ட்ரையர்ல காய வெக்கறது, எல்லாத்துக்கும் பொறுப்பு அவர்தான். ட்ரையர் வாசல்ல கையை நீட்டி ‘தொண்ணூத்தி மூணு’ம்பார். மீட்டரைப் பார்த்தா தொண்ணூத்தி மூணு இருக்குமாம். எல்லாரும் சொல்லுவாங்க. சொல்றவங்க எல்லாரும் அவர்கிட்ட வேலை பார்த்தவங்க, அதையும் கணக்குல எடுத்துக்கணும்.

முப்பத்தஞ்சு வருஷம் ட்ரையர் பக்கத்துல நின்னவருக்கு சூடு போதும்னு ஆயிடுச்சு. எனக்கு கோயமுத்தூர் உடம்பு. இந்த ஊர் டிசம்பர்ல காலையில எழுந்தா விரல் மடங்காது. முதல் குளிர்காலம் ரெண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, காலுக்கு மதினியோட கம்பளி சாக்ஸ்னு ஓட்டிட்டேன். அவரோட பொண்ணு பிரிசில்லா பெங்களூர்ல இருக்கா. லீவுக்கு வந்தவ என் கோலத்தைப் பார்த்துட்டு, திரும்பிப் போனதும் ஒரு ஹீட்டர் வாங்கி அனுப்பி வெச்சா. ரெண்டாயிரம் வாட்ஸ். நல்ல பொண்ணு. ஆனா சண்டையைப் பெட்டியில போட்டு அனுப்பினவ அவதான்.

நான் யார்கிட்டயும் வம்புக்குப் போறவ இல்ல டீச்சர். அதை முதல்லயே சொல்லிடறேன். நான் ஹீட்டரைப் போடுவேன். அவர் பேப்பர் படிச்சுட்டே இருப்பார். நான் அடுப்பைப் பார்த்துட்டு வர்றதுக்குள்ள ஹீட்டர் அணைஞ்சிருக்கும். அவர் பேப்பர் படிச்சுட்டே இருப்பார். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன், மறுபடி போடுவேன். இப்படி ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினேழு. எண்ணினதை அவர்கிட்ட சொன்னேன். ‘எண்ணிட்டிருக்கற நேரத்துல ரெண்டு தடவை மாடிப்படி ஏறி இறங்கினா உடம்பு தானா சூடாகுமே’ன்னார்.

அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, போதகரும் அவர் சம்சாரமும் வீட்டுக்கு வந்திருந்தாங்க. போதகரம்மா உள்ள வந்ததும், ‘அப்பா, வெளியில என்ன குளிரு, இங்க எவ்வளவு நல்லாருக்கு’ன்னாங்க. மரியாதைக்குச் சொல்லல, நிஜமாவே சொன்னாங்க. அண்ணன் சிரிச்சுக்கிட்டே, ‘எங்க வீட்ல ட்ரையர் ஓடுது. என் தங்கச்சிதான் டீ மேக்கர். ரெண்டு நாள்ல என்னைப் பொடியாக்கிப் பாக்கெட் போட்டுடுவா’ன்னார். போதகர் சிரிச்சார். போதகரம்மா வாயைப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு உள்ள போய், கேக் வெட்டும்போது தீர்மானம் பண்ணிட்டேன். இந்த ஹீட்டரை நானும் போடக் கூடாது, அவரும் அணைக்கக் கூடாது. யார் பேச்சையும் கேக்காத ஒண்ணுகிட்ட பொறுப்பைக் குடுத்துடணும்.

ஜனவரி ரெண்டாம் தேதி பஸ் ஏறி கோயமுத்தூர் போனேன். காந்திபுரத்துல பழைய பழக்கத்துல ஒரு கடை இருக்கு. தெர்மிஸ்டர்னு ஒரு சின்ன சமாச்சாரம், மிளகு அளவுதான் இருக்கும், சூடு ஏறினா அதுக்குள்ள கரண்ட் சுலபமாப் போகும், குளிர்ந்தா தடுக்கும். அதுதான் மூக்கு. அது சொல்றதைக் கேட்டு முடிவெடுக்க ஒரு ஐ.சி., முடிவை நிறைவேத்த ஒரு ரிலே. ரிலேங்கறது வேற ஒண்ணுமில்ல, கரண்ட்ல வேலை செய்யற ஒரு ஸ்விட்ச். உள்ள ஒரு காந்தம் இழுக்கும், டிக்னு ஒட்டும், ஹீட்டர் ஓடும். விட்டா டிக்னு பிரியும், ஹீட்டர் நிக்கும். மீதி ட்ரான்ஸ்ஃபார்மர், டப்பா எல்லாம் பழைய ஸ்டெபிலைசர்லருந்து எடுத்தது.

ரிலேல ஒரு விஷயம். ஹீட்டர் கிட்டத்தட்ட ஒம்போது ஆம்பியர் இழுக்கும். கடையில இருந்தது பத்து ஆம்பியர் ரிலே. எங்க பெஞ்ச்ல ஒரு விதி உண்டு, ரிலே மேல என்ன எழுதியிருக்கோ அதுல பாதிக்கு மேல சுமை ஏத்தக் கூடாது. எனக்குத் தெரியும். கடைக்காரர், ‘பெருசு அடுத்த வாரம் வரும்க்கா’ன்னார். அடுத்த வாரம் வரைக்கும் யார் குளிர்ல உக்காந்திருக்கறது? பத்து ஒம்போதை விடப் பெருசுதானேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

சாப்பாட்டு மேஜையில பேப்பரை விரிச்சு உக்காந்தேன். சால்டரிங் அயர்ன் சூடாகி ஈயத்துல கலந்திருக்கற அந்த ரோசின் புகை மூக்குல ஏறினதும் எனக்கு முப்பது வயசு குறைஞ்ச மாதிரி இருந்துது. அண்ணன் மூணு நாள் அந்தப் பக்கம் போறதும் வர்றதுமா இருந்தார். என்ன செய்யறேன்னு கேக்கல. நாலாம் நாள் நானே கேக்க வேண்டியதாப் போச்சு. அளவு குறிக்கணும் இல்ல? குமிழைத் திருப்பினா எது பதினெட்டு, எது இருபதுன்னு தெரியணுமே. அதுக்கு நல்ல தெர்மாமீட்டர் வேணும். அவர் ரிட்டயர் ஆனப்ப ஃபேக்டரியில ஒரு ஹைக்ரோமீட்டர் குடுத்திருந்தாங்க. ஒரு பலகையில ரெண்டு தெர்மாமீட்டர் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒண்ணு சும்மா இருக்கும், இன்னொண்ணோட அடியில ஈரத்துணி சுத்தியிருக்கும், அதுக்கு வெட் பல்புன்னு பேரு. ஈரம் ஆவியாப் போகப்போக அது மட்டும் குளிர்ந்து கீழ காட்டும். அந்த வித்தியாசத்தை வெச்சு காத்துல எவ்வளவு ஈரம்னு பார்ப்பாங்களாம். இலை வாட வெக்கற ரூம்ல அதைப் பார்க்காம எதுவும் நடக்காது.

“அண்ணே, அதை ஒரு நாளைக்குக் குடுங்க.”

“எதுக்கு?”

“டப்பாவுக்கு அளவு போட.”

எடுத்துக் குடுத்தார். குடுத்துட்டுப் போகல. அளவெல்லாம் குறிச்சு முடிச்சு, குமிழை இருபத்தொண்ணுல வெச்சு ஹீட்டரை ஓட விட்டேன். டிக்னு அணைஞ்சுது. நாற்காலியை விட்டு எழுந்தார். சுவத்துல உள்ளங்கையை வெச்சார், அப்புறம் கையை எடுத்து காத்துல கொஞ்ச நேரம் பிடிச்சார்.

“பத்தொன்பது” அப்படின்னார்.

“டப்பா இருபத்தொண்ணு சொல்லுது.”

“டப்பா சொல்லும்.”

ஹைக்ரோமீட்டரை எடுத்து நடு ரூம்ல வெச்சுப் பார்த்தேன். பத்தொன்பதரை. நான் சமையல்கட்டு வாசல் பக்கத்துல உக்காந்து அளவு போட்டிருந்தேன், அடுப்புச் சூடு அடிச்சிருக்கும். அது டப்பாவோட தப்பு இல்ல. அவர் சொன்னதும் சரியில்ல, அரை டிகிரி தள்ளிப் போச்சு. அதைச் சொல்லிட்டுத்தான் அளவை மாத்திக் குறிச்சேன்.

அடுத்தது எத்தனைல வெக்கறதுங்கற பேச்சு. நான் இருபத்திரெண்டுன்னேன். அவர் பதினாறுன்னார். பதினாறுன்னா ஹீட்டரே வேண்டாமே, ஜன்னலைச் சாத்தினா போதுமேன்னேன். ‘அதைத்தான் நானும் ரெண்டு வருஷமாச் சொல்றேன்’னார். ஒரு சாயங்காலம் பூரா பேசினோம். கடைசில நடுவுல பத்தொன்பதுன்னு முடிவாச்சு. காலண்டர் தாள்ல ‘பத்தொன்பது’ன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பீரோவுல வெச்சேன். சிரிக்காதீங்க. கூடப் பொறந்தவங்களுக்குள்ள எல்லாம் எழுத்துல இருக்கணும்.

மெயினை அணைச்சுட்டு சுவத்துல மாட்டினேன். டப்பாவுக்குக் கீழ ஒரு சின்ன ஓட்டை, அதுவழியா தெர்மிஸ்டர் எட்டிப் பார்க்கும். அதுக்கு ஒரு சாண் கீழ ரேடியோ வெக்கற பலகை. அந்த இடத்துலதான் பழைய வயர் வசதியா இருந்துது. முதல் பத்து நாள் வீட்ல அவ்வளவு அமைதி. டிக், ஹீட்டர் ஓடும். டிக், நிக்கும். யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்ல. சர்ச்சுல நாலு பேருக்குச் சொன்னேன். ரெண்டு பேர் வந்து பார்த்துட்டும் போனாங்க.

பதினோராம் நாள்லருந்து டப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு. எனக்குக் கை விறைக்குது, அது ஹீட்டரை அணைக்குது. குளிர்ல உக்காந்து கழட்டிப் பார்க்கறேன், எல்லாம் சரியா இருக்கு. தெர்மிஸ்டரை மாத்தினேன். எல்லா சால்டரையும் புதுசா வெச்சேன். மேஜையில வெச்சுப் பார்த்தா ஒழுங்கா ஓடும். சுவத்துல மாட்டினா சாயங்காலம் மூணரைக்கும் காலையில ஏழுக்கும் அணைஞ்சுடும். ஒம்போது நாள் டீச்சர். பதினாலு வருஷம் டெஸ்டிங் பண்ணவளுக்கு ஒம்போது நாள் தூக்கம் இல்ல. அண்ணன் அந்தப் பக்கமா வந்து, ‘என்ன, மிஷினுக்குக் காய்ச்சலா’ன்னு கேட்டுட்டுப் போவார்.

பத்தாம் நாள் ரேடியோ பலகையைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். வட்டமா ஒரு கறை, அதுமேல இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணு. டம்ளர் கறை. காலையில ஏழுக்கும் சாயங்காலம் மூணரைக்கும் அவருக்கு டீ குடுக்கறது யாரு, நான்தான். கொதிக்கக் கொதிக்க வேணும்னு கேட்டு வாங்கி, கொண்டுபோய் டப்பாவுக்கு நேர் கீழ வெச்சிருக்கார். ஆவி மேல போய் தெர்மிஸ்டர்ல பட்டா அது ரூமே கொதிக்குதுன்னு நினைச்சுக்கும். ஆறினதும் எடுத்துக் குடிச்சிருக்கார். முப்பத்தஞ்சு வருஷம் சூட்டோட பழகினவர் இல்லையா.

வேற யாராவதா இருந்தா சண்டைக்குப் போயிருப்பாங்க. நான் ஒரு வார்த்தை பேசல. என் கைக்குட்டையை நனைச்சுப் பிழிஞ்சேன், டப்பா மேல காயப் போட்டேன், ஒரு முனை தெர்மிஸ்டர் மேல படற மாதிரி. அவ்வளவுதான். ஈரம் ஆவியாகும், தெர்மிஸ்டர் குளிரும், ஹீட்டர் பாட்டுக்கு ஓடும். யோசனை எங்கிருந்து வந்ததுன்னு கேக்கறீங்களா? அவரோட ஹைக்ரோமீட்டர்லருந்துதான்.

அவருக்குத் தெரியாம இருக்குமா. ஒரு நாள் கைக்குட்டையைப் பார்த்துட்டு, ‘வெட் பல்பு வெச்சிருக்காப்பல’ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டார். மறுநாள்லருந்து டம்ளர் ரெண்டாச்சு. நானும் பெரிய துணியாப் போட்டேன். அவர் டம்ளர் வெச்சா அணையும், நான் துணி போட்டா ஓடும். ஒரு மணி நேரத்துக்கு ரெண்டு தடவை டிக் கேட்ட வீட்ல, நிமிஷத்துக்கு ஒண்ணு கேக்க ஆரம்பிச்சுது. ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசிக்கவே இல்ல. நான் இந்த நாற்காலி, அவர் அந்த நாற்காலி. அவர் பேப்பர், நான் பைபிள். நடுவுல டிக், டிக், டிக்.

பிப்ரவரியில அவருக்கு வலது கண்ணுல கேட்ராக்ட் ஆபரேஷன். கோயமுத்தூர்ல பண்ணிக் கூட்டிட்டு வந்தோம். கண்ணுக்கு மேல பிளாஸ்டிக் மூடி, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நாலு வேளை சொட்டு மருந்து. இடது கண்ணுலயும் புரை, அது ஆபரேஷன் ஆகல, அதுல பார்த்தா எல்லாம் புகைமூட்டம். அதனால அந்த வாரம் ரெண்டு பேரும் சண்டையை நிறுத்தி வெச்சிருந்தோம். டம்ளரும் இல்ல, துணியும் இல்ல.

மூணாம் நாள் மத்தியானம் சொட்டு மருந்து தீர்ந்துபோச்சு. அவர் இந்த சோபாவுல படுத்துத் தூங்கிட்டிருந்தார். ஹீட்டர் ஓடிட்டிருந்துது, பத்தொன்பதுல அதுவா நிக்கும்னு விட்டுட்டு பஜாருக்குப் போனேன். மருந்துக்கடையில அஞ்சு நிமிஷ வேலை. போதகரம்மா அங்க நின்னுட்டிருந்தாங்க. ‘அந்த மிஷின் எப்படி ஓடுது சுகிர்தா’ன்னு கேட்டாங்க. கேட்டாங்க, சொன்னேன். எப்படி ஓடுதுன்னு விவரமாச் சொன்னேன். மருந்துக்கடைக்காரரும் கேட்டுட்டிருந்தார். நாப்பது நிமிஷம் ஆயிருக்கும்.

திரும்பி வந்தா அண்ணன் வாசப்படியில உக்காந்திருக்கார். கண்ணுல அந்த மூடி, வெறும் பனியன், வலது கையை ஒரு பக்கெட் தண்ணியில விட்டிருக்கார். கதவு ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடக்கு. உள்ள காலை வெச்சேன், முகத்துல அனல் அடிச்சுது. ஸ்விட்ச் போர்டு கருகி உருகித் தொங்குது. பக்கத்துல இருந்த திரைச்சீலையோட ஓரம் முழங்கை நீளத்துக்குப் பழுப்பாச் சுருங்கியிருக்கு. இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா தீ பிடிச்சிருக்கும்.

ரிலே ஒட்டிக்கிச்சு டீச்சர். உள்ள இருக்கற ரெண்டு முனையும், கான்டாக்டும்பாங்க, சூட்டுல உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. டப்பா ‘நில்லு’ன்னு சொல்லுது, ரிலே விடல. ஹீட்டர் நிக்காம ஓடி, பழைய ஸ்விட்ச் போர்டு அந்தச் சுமை தாங்காம உருகியிருக்கு. தூக்கத்துல அவருக்கு ஒரு வாசனை வந்திருக்கு. ட்ரையர்ல இலை கருகினா முதல்ல மூக்குக்குத்தான் தெரியுமாம், அந்தப் பழக்கம், எழுந்துட்டார். கண்ணு தெரியல. குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துருக்கு. அதனால மண்டி போட்டு, சுவத்தைத் தடவிட்டே போய் பிளக்கைப் பிடிச்சு இழுத்திருக்கார். ரெண்டு விரல் வெந்துபோச்சு. பிளக் வரல. அப்புறம் அப்படியே தடவிட்டே வராண்டாவுக்கு வந்து மெயினை அணைச்சிருக்கார்.

நான் பக்கத்துல உக்காந்தேன். அவர் திட்டுவார்னு காத்திட்டிருந்தேன். அவர் என்ன கேட்டார் தெரியுமா?

“கான்டாக்ட் ஒட்டிக்கிச்சா?”

“ஆமாண்ணே.”

“நினைச்சேன்” அப்படின்னார். அதோட சரி. மருந்து வாங்கிட்டு வந்தியான்னு கேட்டார். தலையை நிமித்திக் காட்டினார். மூடியை எடுத்துட்டு மருந்து விட்டேன், ரெண்டு சொட்டு கன்னத்துல விழுந்துது.

அன்னிக்கே டப்பாவைக் கழட்டி, வயரைச் சுத்தி, ட்ரங்குப் பெட்டிக்குள்ள போட்டுட்டேன். ஹீட்டரையும் மூடி வெச்சாச்சு. சுவத்துல நாலு ஓட்டை மட்டும் இருந்துது. அவரோட விரலுக்கு தினம் மருந்து போட்டுத் துணி கட்டுவேன். ரெண்டு பேரும் ஸ்வெட்டர் போட்டுட்டு உக்காந்திருப்போம். அவர் ஆசைப்பட்ட மாதிரியே வீடு பதினாறுல இருந்துது, அதுக்கும் கீழ இருந்துது. அவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டல. சொல்லிக் காட்டியிருந்தா நான் ஒரு பதில் சொல்லியிருப்பேன், மனசு கொஞ்சம் லேசாயிருக்கும். டிக் சத்தம் இல்லாத வீடு எப்படி இருந்துதுன்னா, யாரோ பேச்சை நிறுத்திட்ட மாதிரி இருந்துது.

மூணு வாரம் கழிச்சு ஒரு நாள் காலையில கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, வர்றேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிப் போனார். எங்கன்னு சொல்லல. மத்தியானம் ஒரு மஞ்சப் பையோட வந்தார். மேஜையில கொட்டினார். ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய சைஸ் ரிலே, கைப்பிடி அளவு, முப்பது ஆம்பியர். கூட ஒரு கட்-அவுட். சூடு ஒரு அளவைத் தாண்டினா, யார் என்ன சொன்னாலும் கேக்காம கரண்டையே துண்டிச்சுடும், அப்புறம் ஆள் போய்க் கையால அமுக்கினாத்தான் மறுபடி வரும். அவரோட பழைய ஃபேக்டரியில ட்ரையரை மாத்தினப்ப கழட்டிப் போட்டது. கேட்டு வாங்கிட்டு வந்திருக்கார்.

“இந்தக் கட்-அவுட் இல்லாம எந்த ட்ரையரும் ஓடாது. நீ ஏன் போடல?”

“தோணல.”

“எனக்குத் தோணுச்சு. நான் சொல்லல.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் அந்தக் கான்டாக்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டே பேசினார். “நீ மாட்டின அன்னிக்கே பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடா இருந்துது. தினம் தொட்டுப் பார்ப்பேன். தினம் கொஞ்சம் கூடிட்டே வந்துது. ஒரு நாள் தானா நின்னுபோகும், நீயும் விட்டுடுவேன்னு இருந்துட்டேன். இப்படி ஒட்டிக்கும்னு நினைக்கல.”

எனக்கு முதல்ல கோவம்தான் வந்துது. தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்திருக்காரே. அப்புறம் அந்த ரெண்டு விரலைப் பார்த்தேன். தோல் புதுசா, சிவப்பா இருந்துது.

“அது பத்து ஆம்பியர் ரிலேண்ணே. பத்தாதுன்னு எனக்கும் தெரியும்” அப்படின்னேன். அதுவரைக்கும் நான் யார்கிட்டயும் சொல்லாதது. “சுமையைக் கூட அது தாங்கியிருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தடவை அடிச்சா எந்த ரிலேவும் தாங்காது.”

“டம்ளர் வெச்சது நான்.”

“துணி போட்டது நான்.”

“துணி நல்ல யோசனை” அப்படின்னார். அவர் என்னைப் பாராட்டினது அது ஒண்ணுதான்னு நினைக்கிறேன். சின்ன வயசுல ஏதாவது சொல்லியிருந்தா ஞாபகம் இல்ல.

ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினோம். நான் சால்டர் வெப்பேன், அவர் டார்ச் பிடிப்பார். தடிமனான வயர், தனி பிளக், எர்த் எல்லாம் புதுசு. லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டினோம். அவர் பார்த்துட்டு, ‘யாருங்க கட்டினது’ன்னு கேட்டார். அண்ணன் என்னைக் காட்டினார். தெர்மிஸ்டர் இந்தத் தடவை ஒண்ணு இல்ல, ரெண்டு. ஒண்ணு அவர் நாற்காலிக்குப் பின்னால, ஒண்ணு என் நாற்காலிக்குப் பின்னால. ரெண்டையும் வரிசையாச் சேர்த்தா, ரெண்டு பேர் சூட்டுக்கும் நடுவுல ஒரு கணக்கு வரும். யாராவது ஒருத்தர் டம்ளர் வெச்சா பாதிதான் பலன் கிடைக்கும். சமயத்துல டம்ளர் இருக்குதான். நானும் சமயத்துல தலை துவட்டின துண்டை நாற்காலி முதுகுல போடறதுதான். அதெல்லாம் வீட்ல இருக்கறது.

அதனால டீச்சர், மாடியில நீங்க தாராளமா ஹீட்டர் வெச்சுக்கலாம். ஆனா டப்பா நான்தான் கட்டித் தருவேன். கட்-அவுட்டோட. வாரத்துக்கு ஒரு நாள் அண்ணன் மேல வந்து உங்க பிளக்கைத் தொட்டுப் பார்ப்பார், அதுக்கு நீங்க ஒத்துக்கணும். கடையில ரெடிமேடாவே விக்குதேன்னு மட்டும் அவர்கிட்ட பேச்சு குடுக்காதீங்க, ஒரு மணி நேரம் போயிடும்.

இன்னொண்ணு இருக்கு. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல, உங்களைப் பார்த்தா சொல்லலாம்னு தோணுது.

போன ஜனவரியில இடது கண்ணு ஆபரேஷனுக்கு அவர் பெங்களூர் போனார். பிரிசில்லா வீட்ல பதினஞ்சு நாள். பஸ் ஏத்தி விட்டுட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா குமிழை இருபத்திரெண்டுக்குத் திருப்பினேன். கேக்க ஆள் இல்ல. கால் நீட்டி உக்காந்தேன். ஸ்வெட்டரைக் கழட்டினேன். எவ்வளவு சுகமா இருந்துதுன்னு சொல்ல முடியாது. அது முதல் நாள். ரெண்டாம் நாள் கழுத்துல கசகசன்னு வேர்த்துது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தேன். மூணாம் நாள் இருபத்தொண்ணு. நாலாம் நாள் தலைவலி வந்து, இருபதுன்னு வெச்சேன். அஞ்சாம் நாள் சாயங்காலம் பார்த்தா குமிழ் பத்தொன்பதுல நிக்குது. வேற யார் திருப்புவா, நான்தான். ஸ்வெட்டரையும் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.

அன்னிக்குன்னு பார்த்து போன் பண்ணினார். கண்ணு எப்படி இருக்கு, பேரன் என்ன பண்றான், எல்லாம் பேசிட்டு, கடைசில கேட்டார்.

“எத்தனைல வெச்சிருக்க?”

“இருபத்திரெண்டு” அப்படின்னேன்.

“இருக்கட்டும், அனுபவி” அப்படின்னார். அப்புறம், “வந்துடறேன், பத்து நாள்தான்” அப்படின்னார்.

பத்தொன்பதுன்னு எப்படிச் சொல்றது நீங்களே சொல்லுங்க. சொன்னா அப்புறம் அந்த மனுஷனோட பேசி ஜெயிக்க முடியுமா. நீங்களும் சொல்லிடாதீங்க டீச்சர். அதோ கேட் திறக்கற சத்தம். உங்க ஊர் புதுக்கோட்டைன்னு சொன்னீங்க இல்ல, அங்க வெயில் எப்படின்னு ஏதாவது பேசுங்க.